ஒரு ஸ்பூன் ரோஸ் மில்க்

இன்று காலை லஸ் கார்னரில் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. “சிஸ்டர்!”

நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகிறது. முதல் நாவலும் வந்துவிட்டது. ஆனாலும் அந்த வார்த்தைக்கு என் தலை தானாகத் திரும்புகிறது.

எழுபது வயது மாமி. எங்கள் ஐ.சி.யூ. வாசலில் பதினோரு நாள் உட்கார்ந்திருந்தவர். பதினோராம் நாள் அவர் கணவர் போய்விட்டார்.

“பின்னட்டையில உங்க போட்டோவைப் பாத்துட்டுதான் வாங்கினேன். அதுல நர்ஸ் ஒருத்தருக்கு ரோஸ் மில்க் கொடுக்கறாளே, அது எங்காத்துக்காரர்தானே?”

கடைசி இரண்டு நாளும் அவர் ரோஸ் மில்க்தான் கேட்டார். வாய்வழியாக எதுவும் தரக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு. பஞ்சை நனைத்து உதட்டைத் துடைத்ததோடு சரி. நாவலில்தான் ஒரு ஸ்பூன் ஊட்டினேன்.

“மன்னிச்சிடுங்க மாமி. நிஜத்துல நான் குடுக்கல.”

“தெரியும். கண்ணாடி வழியா பாத்துண்டேதானே இருந்தேன்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஆனா ஒரு ஸ்பூன் எந்த மூலைக்கு? அடுத்த பதிப்புல ஒரு டம்ளரா கொடுத்துடுங்கோ.”

அவர் கணவருக்குச் சர்க்கரை முந்நூறுக்குக் கீழே இறங்கியதே இல்லை. இன்னும் நர்ஸாகவே இருந்திருந்தால் கண்டிப்பாக முடியாது என்றிருப்பேன்.

இப்போது நான் நாவலாசிரியை. டம்ளர் முடிவாகிவிட்டது.

ஐஸ் போடலாமா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்கள்.