எங்கள் ஸ்ட்ரெச்சரில் ஒரு பெரியவர்: கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு

பிச்சாவரம் படகு, நெல்லிக்குப்பம் கரும்புச் சாறு என்று எழுதி உங்கள் ஞாயிற்றுக்கிழமைகளைக் கெடுத்தவன் நான். போன மாதப் பயணம் வேறு ரகம். கடலூர் முதுநகரில் எங்கள் தெருக்காரர்கள் சந்தா போட்டு ஓட்டும் ஆம்புலன்ஸில் சிதம்பரம் வரை போனேன். தன்னார்வலர் பட்டியலில் என் பெயரைக் கொடுத்தது மனைவிதான். "இந்த வாய்க்கு அங்கயாவது ஒரு வேல குடுங்க" என்று சொல்லிக் கொடுத்தாளாம்.

ஏற்பாடு எளிது. டிரைவருக்கு மாதச் சம்பளம். கூடப் போகும் தன்னார்வலருக்கு ஒரு டீ. நோயாளி வீட்டார் டீசல் போட்டால் போதும். முடியாதவர்களுக்கு அதுவும் இல்லை. டிரைவர் ஓட்டுவார், தன்னார்வலர் பேசுவார். ஆஸ்பத்திரிக்குத் தகவல் சொல்வது, உறவினர்களில் யார் ஏறுவது என்ற பஞ்சாயத்து எல்லாம் நம் இலாகா. எனக்கென்றே செய்த வேலை என்று நினைத்தேன்.

காலை பத்து மணிக்குக் கிளம்பினோம். நோயாளி ராமலிங்கம், பக்கவாதம். பேச்சு இல்லை, கண் மட்டும் எல்லோரையும் பார்த்தது. துணைக்கு மகள் ஜெயந்தி. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் வழியாக நாற்பத்தைந்து கிலோமீட்டர், ஒரு மணி நேரம். வழியெல்லாம் தெருக்கதை பேசினேன். ஜெயந்தி ஒருமுறை சிரித்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சிதம்பரத்தில் நாங்கள் போன ஆஸ்பத்திரியில் (பெயர் வேண்டாம்) டாக்டர் பார்த்தார், ஊசி போட்டார். பெட் இல்லை. அங்கிருந்த ஸ்ட்ரெச்சர்களிலும் ஆள். எனவே பெரியவர் எங்கள் ஸ்ட்ரெச்சரிலேயே வராந்தாவில் கிடந்தார். ஸ்ட்ரெச்சர் இல்லாத ஆம்புலன்ஸ் வெறும் வேன். அது திரும்பக் கிடைக்கும் வரை காத்துக் கிடப்பதுதான் இந்த வேலையில் பாதி என்றார் டிரைவர் செல்வம்.

மதியம் அவருக்கு போன் வந்தது. புதுச்சத்திரத்துக்கு உள்ளே ஒரு கிராமம். நிறைமாதப் பெண், ரத்தம் நிற்கவில்லை. பக்கத்து வண்டிகள் எல்லாம் வேறு ஓட்டத்தில்.

"மாமா, நீங்க போயி கேளுங்க" என்றார் செல்வம்.

"என்னான்னு?"

"அவர எறக்கிக்கலாமான்னு."

"தரையிலயா? நீயே கேளேன்பா."

"நான் சம்பளக்காரன் மாமா. நான் கேட்டா அடுத்த ஓட்டத்துக்குப் பறக்குறான்னு திட்டுவாங்க. அதுக்குத்தான உங்கள ஏத்திக்கிறதே."

போய் நின்றேன். ஊர்க்கதை எல்லாம் தெரிந்த வாய் நாலு வார்த்தைக்குத் திக்கியது. ஜெயந்தி முழுக்கக் கேட்டாள். அப்பா முகத்தைப் பார்த்தாள்.

"பாயி கூட எடுத்தாரல சார்" என்றாள். பிறகு பையிலிருந்த மாற்றுப் புடவையை எடுத்துத் தரையில் விரித்தாள்.

மூவரும் சேர்ந்து இறக்கினோம். பெரியவரின் கண் என் மேலேயே இருந்தது.

சைரன் போட்டுப் பறந்தோம். ஊர் முனையில் ஒருவர் கை காட்டி நிறுத்தினார். "இப்பதான் சரக்கு வண்டில ஏத்திக்கினு கடலூர் பக்கம் போனாங்க. எவ்ளோ நேரந்தான் பாக்குறது?" அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று இன்றுவரை தெரியாது. போன் வந்த நம்பருக்குக் கூப்பிட்டால் யாரும் எடுப்பதில்லை.

காலி ஸ்ட்ரெச்சரோடு சிதம்பரத்துக்கே திரும்பினோம். பெரியவர் இன்னும் தரையில்தான். ஆட்கள் அவரைச் சுற்றி நடந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

"அந்தப் பொண்ணு நல்லாருக்கா சார்?" என்றாள் ஜெயந்தி.

ஸ்ட்ரெச்சரைப் பக்கத்தில் இறக்கி, "அப்பாவத் தூக்கிடலாம்மா" என்றேன்.

"வேணாம் சார். இன்னொரு போன் வந்தா மறுபடி எறக்கணும்ல."

இப்படிப் போக நேர்ந்தால் கையோடு எடுத்துக்கொள்ள: பழைய ரிப்போர்ட், ஆதார் நகல், காப்பீட்டு அட்டை, சார்ஜர். துணைக்கு ஒருவர் போதும். உங்கள் ஊரில் வண்டி வாங்கப்போகிறீர்கள் என்றால் இரண்டாவது ஸ்ட்ரெச்சரையும் சேர்த்தே வாங்குங்கள். வண்டியை நடத்தும் எங்கள் தெருச் சங்கத்தில் கேட்டேன். "பாக்கலாம்" என்றார்கள்.

நான் வண்டியில் ஒரு பாய் வாங்கிப் போட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு இரண்டு முறை விரித்தாயிற்று. பாய் இருப்பதால் இப்போது கேட்கும்போது வாய் திக்குவதில்லை.