வெள்ளிமலைக்கு ஏறும் உப்பு

காலை ஆறரைக்குக் கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறினோம். இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெங்கும் மறியல் நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. மலைக் கிராமங்களுக்குப் போகும் நர்ஸ் கோகிலா என் சித்தி மகள். நான் வேலை பார்க்கும் மணலூர்பேட்டைப் பள்ளிக்கூடம்தான் மூடிக் கிடக்கிறதே, நானும் வருகிறேன் என்று தொற்றிக்கொண்டேன். வெள்ளிமலைக்கு டிக்கெட் நாலு ரூபாய்.

கச்சிராயபாளையம் தாண்டியதும் ரோட்டில் ஒரு புளியமரம் வெட்டிக் கிடந்தது. மறியலில் நின்ற ஒருவர் கோகிலாவின் பையைப் பார்த்துவிட்டு, "நர்சம்மாவா? தாண்டிப் போங்க. எங்க பங்கத்தான் கேக்கறோம், உங்கள யாரும் தடுக்கல" என்றார். நியாயமான பேச்சு. பஸ்ஸை விட்டு இறங்கி மரத்தைத் தாண்டி நடந்தோம். மரவள்ளிக் கிழங்கு ஏற்ற மேலே போன லாரி ஒன்று எங்களையும் ஏற்றிக்கொண்டது.

பதினொன்றரைக்கு வெள்ளிமலை. அங்கிருந்து மூன்று மைல் நடை. வழியெல்லாம் கோகிலா அலமேலுவைப் பற்றியே பேசினாள். இருபத்து மூன்று வயது. கழுத்தில் எலுமிச்சம்பழம் அளவு வீக்கம். இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போய்விட்டன. இது மூன்றாவது, ஐந்தாம் மாதம். உடம்பில் அயோடின் இல்லாததால் வந்த வினை என்று டாக்டர் சொல்லி, அயோடின் சேர்த்த உப்பு மலைக்கடைக்கு வரத் தொடங்கி இரண்டு வருஷம் ஆகிறதாம். "அந்த உப்பத்தான் துன்றா அக்கா. கழுத்து கொறயவே இல்ல."

அலமேலு வாசலுக்கு வருவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. கண் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே வெளுத்துக் கிடந்தது. கோகிலா இரும்புச்சத்து மாத்திரையைக் கொடுத்துவிட்டு உப்புச் சட்டியைக் கேட்டாள். பையிலிருந்த சோதனை மருந்தை அதில் ஒரு சொட்டு விட்டாள். அயோடின் இருந்தால் ஊதா நிறம் வர வேண்டும். உப்பு வெள்ளையாகவே இருந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மலைக்காரர்கள்தானே, யார் கேட்கப் போகிறார்கள் என்று கடைக்காரன் வெறும் உப்பை விற்கிறான். "வாடி, அந்த ஆள ரெண்டுல ஒண்ணு பாத்துடலாம்" என்று கோகிலாவை இழுத்துக்கொண்டு ஊர்க்கோடியில் இருந்த கடைக்கு நடந்தேன். அலமேலுவும் பின்னாலேயே வந்தாள்.

கடை வாசலில் வெறும் மண்தரையில் கல்லுப்பைக் கொட்டி வைத்திருந்தார்கள். பக்கத்தில் யூரியா மூட்டை. ஓர் ஆடு உப்பை நக்கிக்கொண்டு நின்றது. "உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்லுவாங்க. உன்ன எப்படி நெனைக்கிறது?" என்று ஆரம்பித்துவிட்டேன். கடைக்காரர் அசரவில்லை. "இன்னாங்க, சும்மா கத்திக்கினு. உங்க மருந்த இதுல வுட்டுப் பாருங்க" என்றார். கோகிலா விட்டாள். சொட்டு விழுந்த இடம் கத்தரிப்பூ நிறமாக மாறியது.

கோகிலா அலமேலுவின் பக்கம் திரும்பி, "வூட்டுக்கு எடுத்துக்கினு போயி இத இன்னா பண்ற?" என்று கேட்டாள்.

"கழுவுவேங்க. மூணு தண்ணி."

"கழுவினா சத்தெல்லாம் தண்ணியோட போயிடுமே. ஏன் கழுவற?"

அலமேலு குனிந்து ஒரு பிடி அள்ளி எங்களிடம் நீட்டினாள். மண், சணல் நார், ஆட்டுப் புழுக்கை. "இத எப்பிடிங்க அப்பிடியே கொழம்புல போடறது? ரெண்டு வருஷமா துன்னு துன்னுன்னீங்க. எப்பிடித் துன்றன்னு ஒருத்தரும் கேக்கலியே." பிறகு வயிற்றின் மேல் கை வைத்துக்கொண்டு, "இதுவும் போயிடுமாங்க?" என்றாள்.

கடைக்காரர்தான் பேசினார். "கீழ இருந்து வர்றதே இப்பிடித்தாங்க. மலைக்குன்னா இதத்தான் அனுப்பறாங்க."

மூன்று மணிக்கு இறங்கத் தொடங்கினோம். நல்ல உப்பாகப் பையில் கட்டி அனுப்பச் சொல்லி மேலதிகாரிகளுக்கு எழுதுகிறேன் என்றாள் கோகிலா. எழுதி, அவர்கள் படித்து, உப்பு வந்து சேரும்வரை அந்தப் பிள்ளை காத்திருக்குமா என்று கேட்டேன். அவள் அழுதுவிட்டாள். கேட்டிருக்க வேண்டாம்.

மணலூர்பேட்டையில் என் வீட்டில் பதினைந்து வருஷமாகச் சமைக்கிறேன். ஒருநாளும் உப்பைக் கழுவியதில்லை. கழுவித் தின்ன வேண்டிய உப்பை எனக்கு விற்கும் துணிச்சல் எவனுக்கும் வந்ததில்லை.