சாயங்கால வண்டியும் துண்டு காட்டும் ஜேசுராஜும்

செம்பியன்கோட்டகத்தில் முதலில் வந்தது கோயிலா, ரயிலா, கடையா என்று கேட்டால் ஒவ்வொருவரும் தனக்குத் தோதான பதில் ஒன்றை வைத்திருப்பார். சாமியார்கள் கோயில் என்பார்கள். ஹால்ட் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும் துரைராசு ரயில் என்பார், அவர் பிழைப்பு அதில். ஜேசுராஜ் மட்டும் கடைதான் என்று அடித்துச் சொல்வார். அவருடைய தாத்தா தண்டவாளத்துக்கு மண்மேடு போட வந்த கூலி. கூடை சுமப்பதைவிடக் கூடை சுமப்பவனுக்கு வெற்றிலையும் சுருட்டும் விற்பது முதுகுக்கு நல்லது என்று ஒரே வாரத்தில் கண்டுகொண்ட மனிதர். மண் கொட்டிய பிறகுதானே தண்டவாளம்? ஆகவே கடை மூத்தது. கோயில் அதற்கும் பிறகு. சூசையப்பருக்குக் கூரை போட்ட புதிதில் மணிகூடக் கிடையாது, ரயில்காரர்கள் விட்டுப்போன தண்டவாளத் துண்டைப் பூவரச மரத்தில் கட்டித் தட்டினார்களாம்.

மேற்கே பிளாட்பாரம், கிழக்கே கோயில், நடுவில் கடை. எல்லாம் இருநூறு அடிக்குள். இந்த அமைப்புதான் ஜேசுராஜ் குடும்பத்துக்கு ஓர் உத்தியோகத்தை வாங்கிக் கொடுத்தது. சம்பளம் இல்லாத உத்தியோகம், ஆனால் சாமியாருக்கு அடுத்த மரியாதை.

தாத்தா காலத்தில் நடந்தது அது. பினாங்குக்குப் போயிருந்த ஒருவன், தாய் சாகக் கிடக்கிறாள் என்று கேள்விப்பட்டுக் கப்பலேறி, நாகப்பட்டினத்தில் இறங்கி, சாயங்கால வண்டியில் ஊர் வந்து சேர்ந்தான். குழியை மூடி அரை மணி நேரம் ஆகியிருந்தது. கல்லறைத் தோட்டத்தில் கையாலேயே மண்ணைத் தோண்டப் போய்விட்டான், நாலு பேர் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் ஊர்க்கூட்டம் போட்டு முடிவெடுத்தார்கள். இனி யார் இறந்தாலும் சாயங்கால வண்டி வந்து போன பிறகுதான் பெட்டியைக் கோயிலிலிருந்து எடுப்பது. வந்தவர்களையெல்லாம் இறக்கியாயிற்று, இனி யாரும் இல்லை என்று பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டுமே? கடை வாசலில் நின்றால் இரண்டு பக்கமும் தெரியும். தாத்தா தோள் துண்டை எடுத்து ஒரு வீசு வீசினால் கோயிலில் துக்க மணி அடிக்கும், பெட்டி நகரும். அவருக்குப் பிறகு அப்பா வீசினார். அப்பாவுக்குப் பிறகு ஜேசுராஜ்.

மழைக்காலத்தில் வண்டி மூன்று மணி நேரம் தாமதமாகி, பெட்ரோமாக்ஸ் விளக்கோடு அடக்கம் செய்த நாட்களும் உண்டு. அப்போதெல்லாம் செத்தவரின் வீட்டாரைவிட ஜேசுராஜ்தான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பார். ஊரில் அதற்கொரு கேலியும் இருந்தது: சூசையப்பர் நல்ல சாவு கொடுப்பார், அதைக் குழிக்குள் இறக்க ஜேசுராஜ் மனசு வைக்க வேண்டும்.

தொண்ணூறாம் வருஷம் தாண்டிய பிறகு வண்டியில் இறங்க ஆளில்லை. திருத்துறைப்பூண்டிக்கும் வேதாரண்யத்துக்கும் பஸ் ஓடியது. துரைராசு நாளெல்லாம் கொட்டாவி விட்டார். பையன்கள் சிங்கப்பூர், குவைத் என்று கிளம்பினார்கள். ஜேசுராஜும் கடையில் பாதியை மறித்துக் கண்ணாடிக் கூண்டு ஒன்று கட்டி எஸ்.டி.டி. பூத் வைத்தார். அதில் ஊர்ப் பெண் மேகலாவை உட்கார்த்தினார். அவள் புருஷன் குணசேகரனும் ஜேசுராஜின் ஒரே மகன் டேவிட்சனும் குவைத்தில் ஒரே அறையில் இருந்தார்கள். இத்தனை மாறியும் ஊரில் யாராவது செத்தால் வண்டிக்குக் காத்திருந்தார்கள். ஜேசுராஜ் அதில் மட்டும் ஒரு நிமிஷம் முன்னே பின்னே விடமாட்டார்.

கோயில் நாட்டாண்மை ரெமிஜியஸின் மனைவி இறந்தபோதும் விடவில்லை. அவர் மகள் சான்ட்ரா டெல்லியில் நர்ஸ். பூத்துக்குத்தான் போன் வந்தது. ஜேசுராஜே எடுத்தார்.

"மாமா, மெட்ராஸ் வரைக்கும் ப்ளேன்ல வர்றேன், காலையில பத்து மணிக்குள்ள வந்துருவேன். அம்மாவ வச்சிருக்கச் சொல்லுங்க மாமா."

"சட்டம் ஒண்ணு இருக்கும்மா. ஒருத்தருக்கு மாத்துனா எல்லாருக்கும் மாத்தணும்."

வண்டி வந்தது, போனது. துண்டை வீசினார். ரெமிஜியஸ் கோயில் சுவரில் சாய்ந்து நின்றார். மறுநாள் காலை பையோடு வந்த பெண் நேராகக் கடைக்கு வந்தாள். ஜேசுராஜ் சோடா உடைத்துக் கொடுத்தார். அவள் தொடவில்லை.

"என் குரலக் கேட்டுட்டுதானே மாமா துண்டக் காட்டுனீங்க?"

அதற்குப் பிறகு இரண்டு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை என்று அவர் மனைவி விண்ணரசி தெருவில் சொன்னாள். மூன்றாம் நாள் நன்றாகவே இறங்கியது என்று சொன்னதும் அவள்தான்.

அந்த விண்ணரசி, மூன்று வருஷம் கழித்து, ஆவணி மாதத்துப் புதன்கிழமை ஒன்றில், விடியும் நேரத்தில் கை பம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தவள், குடம் நிறைவதற்குள் சரிந்தாள். வைத்தியருக்கு ஆள் போவதற்குள் முடிந்துவிட்டது.

குவைத்துக்குத் தகவல் சொல்லி ஒரு மணி நேரத்தில் போன் திரும்பி வந்தது. மேகலா எடுத்துக் கேட்டுவிட்டு, முகம் மாறி, ரிசீவரை ஜேசுராஜிடம் நீட்டினாள். குணசேகரன் பேசினான்.

"மாமா, மனச தேத்திக்கங்க. டேவிட்சன் பக்கத்துலதான் நிக்கிறான், அவனால பேச முடியல. வரவும் முடியாது மாமா. கபீலு, அதான் விசா குடுத்த மொதலாளி, அவன்கிட்டேருந்து ஓடிவந்து எட்டு மாசமாச்சு. பாஸ்போர்ட்டு அந்த ஆளுகிட்ட மாட்டிக்கிச்சு. இங்க கல்லிவல்லிம்பாங்க, ஒளிஞ்சு மறைஞ்சு வேல பாக்குறவன. ஏர்போர்ட்டுப் பக்கம் தல காட்டுனா உள்ள தூக்கிப் போட்டுருவான். அத்தய காத்திருக்க வைக்காம எடுத்துருங்கன்னு சொல்லச் சொல்றான்."

எட்டு மாதமாக ஜேசுராஜ் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது வேறு. மகன் சூப்பர்வைசர், ஏ.சி. ரூம், கீழே இருபது பேர். சிகரெட் வாங்க வந்தவன் தீப்பெட்டி கேட்பதற்குள் இதைச் சொல்லி முடித்துவிடுவார். விண்ணரசியும் நம்பினாள்; வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு வருவான் என்று அவனுக்குப் பிடித்த கருவாட்டைக் கட்டி வைத்திருந்தாள்.

ரிசீவரை வைத்தபோது ரெமிஜியஸ் வாசலில் நின்றார்.

"பய கெளம்பிட்டானா?"

"கெளம்பிட்டாண்ணே" என்றார் ஜேசுராஜ்.

சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை, வாயில் வந்தது. மேகலா அவரையே பார்த்தாள்.

மதியம் மூஸா வந்தார். கோடியக்கரையிலிருந்து மீன் எடுத்து ஊர் ஊராக விற்பவர். வண்டியின் பின்னால் சாக்குச் சுற்றிய நாலு ஐஸ் பார்.

"மீனுக்குப் போடுறதுதான் அண்ணே. நல்லா கழுவிட்டேன், இருந்தாலும் வாட போவல. இருவது வருஷமா அக்கா எங்கிட்ட மீனு பழசுன்னு சொல்லிச் சொல்லியே வாங்குனாங்க. இன்னிக்கும் அதான் சொல்லுவாங்க."

சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. பெட்டிக்கு அடியில் ஐஸை அடுக்கினார்கள். கோயில் முழுக்க மெழுகுவர்த்தி வாடையும் மீன் வாடையும்.

சாயங்கால வண்டி ஆறேகாலுக்கு வந்தது. ஓர் ஆட்டுத் தரகரும் அவருடைய இரண்டு ஆடுகளும் இறங்கினார்கள். வண்டி போனது. கோயில் வாசலில் நின்ற ஊர் மொத்தமும் கடைப் பக்கம் திரும்பியது. ஜேசுராஜ் கையைத் தொங்கப் போட்டபடி நின்றார். துண்டு தோளை விட்டு எழவில்லை.

"சட்டம் நமக்குத்தான் போல" என்று எவனோ சொன்னது காதில் விழுந்தது.

ரெமிஜியஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். இப்போது கேட்பார், கேட்டால் சொல்லிவிடலாம் என்று ஜேசுராஜ் நினைத்தார்.

"இருக்கட்டும் ஜேசு. நாள வண்டி வரைக்கும் வப்போம். ஃபாதர்கிட்ட நான் பேசிக்கிறேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "எம் பொண்ணுக்குக் கெடைக்காதது ஒம் மகனுக்காவது கெடைக்கட்டும்."

அறைந்திருந்தால் தாங்கியிருப்பார்.

வியாழக்கிழமை விடிந்ததும் ரெமிஜியஸ் திருத்துறைப்பூண்டிக்குக் கிளம்பினார். மெட்ராஸிலிருந்து வரும் பஸ்களைப் பார்க்க வேண்டும், பயல் தூங்கிப்போய் வேதாரண்யம் வரை போய்விட்டால் என்ன செய்வது என்றார். எழுபது வயசு, முட்டியில் வலி. நீங்கள் எதற்கு என்று நாலு பேர் கேட்டும் கேட்கவில்லை.

மேகலா கண்ணாடிக் கூண்டிலிருந்து வெளியே வந்தாள்.

"மாமா, அந்தப் பெரியவரு வெயில்ல போயி நிக்கப்போறாரு. இப்பவாவது சொல்லிடுங்க. ஒங்களால முடியலன்னா நான் சொல்றேன்."

"சொன்னீன்னா நாளைலேருந்து பூத்துக்கு வராத."

"டேவிட்சன் திருடுனானா, கொல பண்ணானா? எம் புருஷனும் நாளைக்கு அப்படித்தான் நிப்பாரு. அதச் சொல்றதுக்கு இவ்வளவு வெக்கமா ஒங்களுக்கு?"

பூத் சாவியைக் கல்லாப் பெட்டி மேல் வைத்துவிட்டுப் போனாள். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அதற்கு வேறு ஜேசுராஜ் வெட்கப்பட வேண்டியிருந்தது.

பகல் நகரவே மாட்டேன் என்றது. வெளியூரிலிருந்து வந்த உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக விடைபெற்றார்கள். நடவுக்கு ஆள் விட்டிருக்கிறது என்றார்கள், மாடு ஈனுகிறது என்றார்கள். மூஸா கடைசி ஐஸைக் கொண்டுவந்து இறக்கினார்.

"நாளைக்கு வெள்ளிக்கிழம அண்ணே. போட்டு கடலுக்குப் போவாது, ஐஸும் வராது. பாத்துக்கங்க."

ஜேசுராஜ் ஒருமுறை கோயிலுக்குள் போய்ப் பெட்டி அருகே நின்றார். விண்ணரசியின் முகம் ஊதியிருந்தது. உதட்டோரம் நிறம் மாறியிருந்தது. ஓர் ஈயை விரட்டினார். அது போய்த் திரும்பி வந்தது.

அன்று வண்டி சரியான நேரத்துக்கு வந்தது. துரைராசு பச்சைக் கொடியோடு நின்றார். ஒரே ஒரு பெட்டியின் கதவு திறந்தது. கைப்பிடியைப் பிடித்து, ஒரு காலை வைத்து, இன்னொரு காலை இழுத்து, ஒருவர் இறங்கினார். ரெமிஜியஸ். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பிளாட்பாரத்திலிருந்து கடைக்கு வர அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

"பதினோரு பஸ்ஸு ஜேசு" என்றார். குரல் காற்றாக வந்தது. "ஒவ்வொண்ணுலயும் ஏறி டேவிட்சன், டேவிட்சன்னு கூப்புட்டேன். தொண்ட கட்டிக்கிச்சு. எதுலயும் இல்ல. ராத்திரி பஸ்ல வருவானா இருக்கும். இன்னும் ஒரு நாளு வச்சுப் பாப்போமா?"

ஊர் பார்த்துக்கொண்டிருந்தது.

"வரமாட்டாண்ணே."

"என்ன?"

"வரமாட்டான். நேத்து காலையிலயே போன் வந்துருச்சு. ஓடி ஒளிஞ்சுகிட்டுத் திரியறான், பாஸ்போர்ட்டு இல்ல. நீங்க கேட்டப்பவே எனக்குத் தெரியும்."

ரெமிஜியஸ் அவரை உற்றுப் பார்த்தார். கோபம் வரும் என்று ஜேசுராஜ் காத்திருந்தார். வரவில்லை.

"அப்ப எடுக்கச் சொல்லு" என்றார் ரெமிஜியஸ்.

ஜேசுராஜின் கை தோள்வரை போனது. துண்டைப் பிடித்தது. அதற்குமேல் எழவில்லை. முப்பது வருஷத்தில் எத்தனையோ பேருக்கு வீசிய கை. ரெமிஜியஸ் தன் துண்டை எடுத்து, முகத்தையும் கழுத்தையும் நிதானமாகத் துடைத்துவிட்டு, ஈரத்தோடு அதை உயர்த்தினார். மணி அடித்தது.

அடக்கத்தில் யாரும் ஒரு வார்த்தை குறையாகப் பேசவில்லை. அதுதான் இன்னும் மோசம். பேசியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம்.

அடுத்த வாரம் பூத்தில் போன் அடித்தது. மேகலா இல்லை, ஜேசுராஜே எடுத்தார்.

"அப்பா" என்றான் டேவிட்சன். வெகுநேரம் அழுதான். பிறகு கேட்டான், "அம்மாவ எப்பப்பா எடுத்தீங்க?"

"வியாழக்கெழம சாயங்காலம்."

"ரெண்டு நாளா? ஏம்ப்பா? காத்திருக்க வேணாம்னு சொல்லச் சொன்னேனே. அம்மாவ அப்படிப் போட்டு வச்சிருந்தீங்களா?"

மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. லைன் தானாகவே அறுந்தது, அல்லது அவன் வைத்தான்.

மார்கழியில், கோயிலில் பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுத்த பழைய உபதேசியார் இறந்தார். அவருக்கு மூன்று பிள்ளைகள், மூவரும் வெளியூர். ஜேசுராஜ் சவரம் செய்துகொண்டு, வேட்டி மாற்றி, கடை வாசலில் வந்து நின்றார். வண்டிக்கு இன்னும் ஆறு மணி நேரம் இருந்தது. பன்னிரண்டரைக்குக் கோயில் மணி அடித்தது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். துக்க மணிதான். கோயில் கதவு திறந்து பெட்டி வெளியே வந்தது. பின்னால் ரெமிஜியஸ் கம்பூன்றி நடந்தார். கடைப் பக்கம் யாரும் திரும்பவில்லை.

ஜேசுராஜ் கடையின் இரண்டு பலகைகளைச் சாத்திவிட்டு இறங்கினார். கூட்டத்தின் கடைசியில், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மெதுவாக நடந்த பெண்களுக்கும் பின்னால், போய்ச் சேர்ந்துகொண்டார்.