இஸ்திரியின் சுருட்டை

கடையில் அவளுக்குப் பெயர் இஸ்திரி. துணிக்குப் போடுகிறவள் அல்ல, தலைக்குப் போடுகிறவள். இரண்டாவது மாடியில் மூன்று நாற்காலியும் இரைச்சல் போடும் ஒரு ஏசியும் உள்ள அழகு நிலையம் அது. எவ்வளவு அடங்காத சுருட்டை முடியோடு வந்தாலும் மூன்றரை மணி நேரத்தில் நேராக்கி அனுப்பிவிடுவாள். கிரீம் தடவி, ஊறவிட்டு, அலசி, சூட்டுத் தகடு வைத்து இழுத்து, மறுபடி கிரீம், மறுபடி அலசல். மற்ற பெண்கள் கடிகாரத்தைப் பார்த்து அலசுவார்கள். இவள் ஒற்றை முடியை விரலில் சுற்றி விட்டுப் பார்த்து, "போதும், எழுந்திரிங்க" என்பாள். ஒரு நிமிஷம் முன்னே போனால் சுருட்டை போகாது, பின்னே போனால் முடி வெந்துவிடும். அவள் கையில் ஒரு தலையும் வெந்ததில்லை.

அவள் தலையே கடைக்கு ஒரு விளம்பரம்தான். இடுப்பு வரை வழவழவென்று தொங்கும். அது பிறவி முடி என்று புகுந்த வீட்டில் நம்பிக்கொண்டிருந்தார்கள். நம்பவைத்தவள் அவளேதான், வேறு யார்?

உண்மை என்னவென்றால், பள்ளிக்கூடத்தில் அவளைக் கம்பிநார் என்று கூப்பிட்டார்கள். பாத்திரம் தேய்க்கிற கம்பிநார்தான். பின் பெஞ்சுக்காரிகள் அவளுக்குத் தெரியாமல் தலையில் பென்சிலைச் செருகி, விழாமல் நிற்கிறது பார் என்று வகுப்புக்கே காட்டுவார்கள். ஒருநாள் வீட்டுக்கு வந்து தலையை உதறினால் மூன்று பென்சிலும் ஒரு ரப்பரும் விழுந்தன. உங்களுக்குச் சிரிப்பு வருகிறது இல்லையா? அவளுக்கு அன்றைக்கு வரவில்லை. இன்றைக்கும் வராது.

இருபது வயதில் கடைக்கு வேலை கேட்டு வந்தபோது, முதலாளி மேடம் அவள் தலையைத்தான் முதலில் நேராக்கினார். செய்வதற்கு முன்பு ஒரு படம், செய்த பிறகு ஒரு படம். இரண்டையும் பெரிதாக்கிச் சுவரில் மாட்டினார். முன்படத்தில் முகம் தெரிகிறதே என்று இவள் அழுது அடம்பிடித்ததால், கண்ணுக்கு மேல் ஒரு கருப்புப் பட்டையை ஒட்டிவிட்டார். பின்படம் முதுகுப் பக்கம் எடுத்தது. அதில் முடி மட்டும்தான். அதற்குப் பிறகு நாலு மாசத்துக்கு ஒருமுறை, வேரில் புதிதாக வளர்கிற சுருட்டையைக் கடையிலேயே நேராக்கிக்கொள்வாள். ஒன்பது வருஷம் ஒரு தவணை தவறியதில்லை.

கல்யாணம் ஆகிப் போன இடம்தான் வம்பான இடம். கணவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர், சாது. ஆனால் மாமியார் பஸ்ஸில் முப்பது வருஷம் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் கட்டடத்தில் எல்லாருக்கும் அவர் செக்கரம்மா. பஸ்ஸில் ஏறியதும் ஜன்னல் பக்கம் ரொம்ப அக்கறையாகப் பார்க்கிறவன் யாரோ, அவனிடம் நேராகப் போய் நிற்பாராம். "என்னை இதுவரைக்கும் ஒருத்தனும் ஏமாத்தினது கிடையாது" என்பதை நாளைக்கு நாலு தடவையாவது சொல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

வந்த முதல் வாரமே மருமகளின் முடியைக் கையில் எடுத்துப் பார்த்தார். "ஏம்மா, பொறந்ததிலேர்ந்தே இப்படித்தானா?"

"ஆமா அத்தை" என்றாள் இஸ்திரி. சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

செக்கரம்மா அதைக் கவனிக்கவில்லை. பெருமை கண்ணை மறைத்துவிட்டது. அன்றிலிருந்து மாடி மாடியாக ஏறி, "என் மருமக முடியைப் பார்த்தீங்களா, பட்டு! எல்லாம் பொறவி!" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். பொய் ஒன்றுதான், ஆனால் அது ஐந்து மாடிக்கும் போய்விட்டது.

இரண்டு வருஷம் இப்படி ஓடியது. பிறகு வயிற்றில் ஒன்று வந்து உட்கார்ந்தது. மூன்றாம் மாசம் வேர்முடிக்குத் தவணை. டாக்டரம்மாவிடம் மெதுவாகக் கேட்டாள். "கெடுதல்னு நிச்சயமா சொல்றதுக்கும் ஆதாரம் இல்ல, பயமே இல்லைன்னு சொல்றதுக்கும் ஆதாரம் இல்ல. எதுக்கும்மா வம்பு? பிரசவம் ஆகட்டும்" என்றார் டாக்டர். மேடம் அதைவிடக் கறார். "புள்ளத்தாச்சி தலையில என் கடை கிரீம் படாது. நீயும் அந்த நெடியில நிக்காத, கல்லாவுல போய் உக்காரு."

உட்கார்ந்தாள். முடி உட்காரவில்லை. பிள்ளை வயிற்றில் இருக்கும்போது முடி கொட்டுவது குறையும் என்பார்கள், அவளுக்கு அது அப்படியே பலித்தது. கொட்ட வேண்டியதும் கொட்டாமல், வேரில் இரண்டு விரல்கட்டைக்குக் கொசகொசவென்று சுருட்டை, அதற்குக் கீழே இடுப்பு வரை நேர்முடி. ஒரே தலையில் இரண்டு குடித்தனம். இரண்டும் சேருகிற இடம்தான் ஆபத்து. அங்கே முடிக்குப் பலம் கிடையாது, கொஞ்சம் இழுத்தாலும் பட்டென்று அறுந்துவிடும். தொழில்காரி இல்லையா, அவளுக்குத் தெரியும். காலையில் குளியலறைக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு, கண்டிஷனரைக் கை நிறைய அள்ளித் தடவி, அகலப்பல் சீப்பால் நுனியிலிருந்து சிக்கெடுத்துக்கொண்டே மேலே வருவாள். பிறகு ஈரத்தோடு கொண்டை, கொண்டைக்கு மேல் துணி. அத்தை கேட்டால், "தலை பாரமா இருக்கு அத்தை."

இதெல்லாம் சமாளிக்கக்கூடியதுதான். அவள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்தது வேறொன்றுக்காக. பிள்ளை பிறந்து அதன் தலையும் கம்பிநாராக இருந்தால்? லிஃப்ட்காரர் முடி நேர். செக்கரம்மா முடி நேர். இவள் முடியும் நேர் என்றுதானே ஊரெல்லாம் பேச்சு. அப்புறம் சுருட்டை எங்கிருந்து வந்தது என்று அந்த அம்மாள் விசாரணையைத் தொடங்கினால் என்ன ஆகும்? சாட்சி தன் வயிற்றிலேயே வளர்கிறது, தேதி குறித்துக்கொண்டு வெளியே வரப்போகிறது. எல்லாரும் சிரிப்பார்கள், அவர் வாயால் கம்பிநார் என்று வரும். அதை நினைக்கும்போதெல்லாம் கொண்டைத் துணியை இன்னும் இறுக்கிக் கட்டுவாள்.

ஐந்தாம் மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, குனிய முடியாமல் சோர்ந்து நாற்காலியில் சாய்ந்திருந்தாள். கண்ணை மூடினது தப்பாகப் போயிற்று. செக்கரம்மா பாசம் பொங்கி, கொண்டையை அவிழ்த்து, நெருக்கப்பல் சீப்பை உச்சியில் வைத்து ஒரே இழுப்பாகக் கீழே இழுத்தார்.

படபடவென்று சத்தம். சீப்போடு ஒரு கொத்து வந்துவிட்டது.

"ஐயையோ!" என்று அலறியவர், அடுத்த நிமிஷம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தக் கொத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பழைய உத்தியோகம் வந்துவிட்டது. "இதென்னம்மா இது, இந்த முனை சுருண்டிருக்கு, அந்த முனை நேரா இருக்கு?"

இஸ்திரி ஒரு சாக்குத் தேடுவதற்குள், செக்கரம்மாவே தீர்ப்பும் சொன்னார். "புரிஞ்சுபோச்சு. எல்லாம் அந்த டாக்டர் குடுத்த இரும்புச்சத்து மாத்திரை! இரும்பு உள்ள போனா கம்பி மாதிரிதானே வளரும்?"

மறுநாள் கிளினிக்கில் டாக்டரின் மேஜை மேல் மாத்திரை அட்டையும் ஒரு கவரில் போட்ட முடியும் சாட்சிப் பொருளாக வைக்கப்பட்டன. டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மாத்திரை முடியைச் சுருட்டாதும்மா" என்றார். அப்போது செக்கரம்மாவின் தோளுக்குப் பின்னால் இஸ்திரி இரண்டு கையையும் கூப்பினாள். டாக்டர் என்ன புரிந்துகொண்டாரோ, "ஆனா மாசமா இருக்கறப்ப சிலருக்கு முடி கொஞ்சம் மாறும், அது இயற்கை" என்று முடித்துக்கொண்டார்.

தப்பித்தாள்! வெளியே வந்தபோது இஸ்திரிக்குக் கால் தரையில் பாவவில்லை. இனி பிள்ளைக்குச் சுருட்டை வந்தாலும் பழி இயற்கை மேல். இத்தோடு விட்டிருந்தால் அவள் பாடு யோகம்தான். ஆனால் செக்கரம்மா ஒன்றை இத்தோடு விட்டதாகச் சரித்திரம் உண்டா?

புள்ளத்தாச்சிக்குக் கடையில் செய்ய மாட்டார்கள் என்று இஸ்திரி சொன்னது எடுபடவில்லை. "நீதான் ஊரார் தலையெல்லாம் நேராக்கறியே. உன் தலைக்கு முடியாதுன்னா என்ன கடை அது? நான் வந்து கேக்கறேன்" என்று கிளம்பிவிட்டார். சமையலறைக் கத்தரிக்கோலால் தன் முடியைத் தானே வெட்டிக்கொள்கிற மனுஷி, அழகு நிலையத்தின் வாசலை மிதித்ததே கிடையாது. இஸ்திரி எத்தனையோ சாக்குச் சொல்லிப் பார்த்தாள். மருமகளையும் கூட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறி, மூச்சு வாங்க இரண்டு மாடி ஏறி, கடைக்குள் நுழைந்து, மேடத்திடம் வாயைத் திறக்கப் போனவர், சுவரைப் பார்த்து நின்றுவிட்டார்.

"யாரு இந்தப் பொண்ணு?"

"அது விளம்பரம்மா" என்றார் மேடம். "இடது பக்கம் முன்னாடி, வலது பக்கம் பின்னாடி."

செக்கரம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கிட்டே போனார். "எதுக்கு இதுக்குக் கண்ணைக் கட்டி வச்சிருக்கீங்க? பேப்பர்ல திருடியைப் போடற மாதிரி? முப்பது வருஷத்துல எத்தனை பேரைப் பிடிச்சிருப்பேன், ஒருத்தன் மூஞ்சியையும் நான் இப்படிச் சுவத்துல ஒட்டினது இல்ல. முடி சுருண்டிருந்தா ஒரு குத்தமா? இத்தனூண்டு பொண்ணு, அப்படி என்ன குத்தம் பண்ணிடுச்சு, சொல்லுங்க!"

மேடம் இஸ்திரியைப் பார்த்தார். அவள் பேசாமல் இருந்திருக்கலாம். மேடம் காட்டிக்கொடுக்கிற ஆளில்லை. டாக்டரும் தப்பிக்க வழி போட்டுக் கொடுத்திருந்தார். ஆனால் அந்தக் கம்பிநார்ப் பெண்ணுக்காக அதுவரை ஒரு ஆள் சண்டை போட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் இல்லை, வீட்டில் இல்லை, அவளே கூடப் போட்டதில்லை. அவளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

"அவ பொய் சொன்னா அத்தை" என்றாள். "அதான் அவ பண்ண குத்தம். அது நான்தான்."

செக்கரம்மா சோதிக்காமல் எதையும் நம்புகிறவர் அல்ல. கட்டைவிரல் நகத்தால் கருப்புப் பட்டையின் ஓரத்தைச் சுரண்டி, பிடித்து ஒரே இழுப்பு. பட்டை வந்தது. உள்ளே இருபது வயதுக் கண் இரண்டு, மிரண்டுபோய், நேராகப் பார்த்தன. திரும்பி மருமகளின் கண்ணைப் பார்த்தார். அதுவும் அதே மாதிரிதான் இருந்தது.

"ஆமா, நீதான்" என்றார். பிறகு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "ரெண்டு வருஷம்! டிக்கெட் எடுக்காம, என் கண்ணு முன்னாடியே வந்திருக்க!"

திரும்பும்போது பஸ்ஸில் நாலு இருக்கை தள்ளி உட்கார்ந்துகொண்டார். சாயங்காலம் இஸ்திரி கணவரிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். லிஃப்ட்காரர் கிரீஸ் கையைத் துடைத்தபடியே ரொம்ப நேரம் யோசித்து, "இப்ப உன் முடி எப்படி இருக்கு? நேராவா, சுருட்டையாவா?" என்று கேட்டார். இந்த மனுஷனுக்குப் பயந்தா இரண்டு வருஷம் மறைத்தோம் என்று அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

மூன்று நாள் செக்கரம்மா அவளோடு பேசவில்லை. "அவளைச் சாப்பிடச் சொல்லு", "அவ மாத்திரை போட்டாளான்னு கேளு" என்று எல்லாம் மகன் மூலம்தான். நாலாம் நாள் காலை குளியலறைக் கதவைத் தட்டினார். திறந்தால், கையில் புதிதாக வாங்கின அகலப்பல் சீப்பு.

"எங்கேர்ந்து சீவணும்?"

"நுனியிலேர்ந்து அத்தை. கொஞ்சம் கொஞ்சமா மேல வரணும்."

உட்காரவைத்துச் சீவினார். பாதியில் கை நின்றது. "ஏன்டி சொல்லல?"

"சிரிப்பீங்கன்னு பயந்தேன்."

"சிரிச்சிருப்பேன்தான்" என்றார் செக்கரம்மா. அவருக்குப் பொய் வராது. "ஒரு நாள் சிரிச்சிருப்பேன். ரெண்டாம் நாள் மறந்திருப்பேன். அதுக்குப் போய் ரெண்டு வருஷம் ஒருத்தி பயந்துகிட்டே இருப்பாளா? என் வீட்டுல!" குரல் உடைந்தது. இஸ்திரிக்கும் உடைந்தது. ஆனால் நெஞ்சிலிருந்து ஏதோ பாரம் இறங்கின மாதிரி இருந்தது அவளுக்கு. கொண்டைக்கு மேல் கட்டுகிற துணி அன்றைக்கே அடுப்படி துடைக்கப் போயிற்று.

எட்டாம் மாசம் மேடத்திடம் சொல்லி நேர்முடியை வெட்டிப் போட்டாள். காதுவரை குட்டையாக, சுருள்சுருளாக நின்றது. செக்கரம்மா மறுபடி ஐந்து மாடி ஏறினார். "என் மருமக முடியைப் பார்த்தீங்களா? இதுதான் பொறவி. முன்னாடி சொன்னது தப்புத் தகவல்!" பிள்ளை தலை எப்படி இருக்கும் என்று மாடிக்கு மாடி பேச்சு. சுருட்டைதான் என்று செக்கரம்மா அடித்துச் சொன்னார்.

பிள்ளை ஒரு மத்தியானம் பிறந்தது. பெண். நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து பாட்டியான செக்கரம்மாவின் கையில் கொடுத்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, துணியை விலக்கி, தலையை முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார், காதோரம் பார்த்தார். ஒரு முடி இல்லை. பூனைமுடி கூட இல்லை. அந்தச் சாட்சிக்குப் பயந்துதானே இத்தனை கூத்தும்! கட்டிலில் கிடந்த இஸ்திரி எட்டிப் பார்த்தாள். தையல் வலியோடு சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தலைமுடிக்காக அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

செக்கரம்மா மகனைக் கூப்பிட்டுக் குழந்தையின் மொட்டைத் தலையைக் காட்டினார்.

"பாருடா, உன் பொண்ணும் டிக்கெட் எடுக்காமத்தான் ஏறியிருக்கா!"