அம்மாவின் ரவைக் கேக்கும் அன்ரியின் நீல ரிபனும்

எங்கள் அம்மா யாழ்ப்பாணத்து வடமராட்சியில் ஒரு புகையிலை வியாபாரியின் மூன்றாவது மகளாகப் பிறந்தார். அப்பாவைக் கைப்பிடித்து, எழுபதுகளின் தொடக்கத்தில் சிட்னிக்கு வந்து சேர்ந்தார். கொழும்பில் கணக்காளராக இருந்த அப்பா இங்கே ஒரு கிடங்கில் பெட்டி தூக்கினார். அம்மா சட்டை தைக்கும் தொழிற்சாலைக்குப் போனார். அம்மா பொறுமைசாலி, யாரையும் கடிந்து பேசாதவர், எவரையும் மன்னிப்பவர் என்று இத்தகைய நினைவு மலர்களில் எழுதுவது வழக்கம். முதல் இரண்டும் உண்மை. மூன்றாவதை எழுதினால் அம்மா எழும்பி வந்து என்னை ஏசுவார்.

தொழிற்சாலையில் அம்மா சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் மற்றப் பெண்கள் மூக்கைப் பொத்துவார்கள். அம்மா அங்கே சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து அழுவார். ஈஸ்டர் காலத்தில் நடக்கும் பெரிய விவசாயக் கண்காட்சியான ஷோவில் மாடு, ஆடு, பூசணிக்காய்க்கு மட்டுமல்ல, கேக்குக்கும் போட்டி உண்டு என்று ஒருநாள் கேள்விப்பட்டார். முட்டை சேராத தமது ரவைக் கேக்கை அங்கே வைப்பதென்று முடிவெடுத்தார். தொழிற்சாலைப் பெண்கள் எல்லோரையும் வந்து பார்க்கும்படி அழைத்தும் விட்டார். அவர்கள் முன்னால் தம் கைக்கு ஒரு மதிப்பு வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை.

எங்களுக்கு வழிகாட்ட ஓர் அன்ரி இருந்தார். இரத்த உறவல்ல. அடுத்த தெருவில் இருந்தவர், எங்களுக்கு முன்பே இந்நாட்டுக்கு வந்தவர், கார் ஓட்டத் தெரிந்தவர். பெயர் எழுத மாட்டேன். இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் பலருக்கு அவரைத் தெரியும். அவருக்கும் தம்மைத் தெரியும். எங்கள் குசினியில், அடுப்புக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து, அம்மா கேக் சுடுவதை அடி முதல் நுனி வரை கேட்டுக் கேட்டுப் பழகியவர்.

எங்கள் வீட்டில் எதைச் செய்தாலும் முதற் பங்கு பிள்ளையாருக்கு. கேக்கை ஒப்படைக்க வேண்டிய காலையிலும் அம்மா ஒரு துண்டு வெட்டிப் பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டார். பிறகுதான் அவருக்கு ஐயம் வந்தது.

"வெட்டினபடி கொண்டு போனால் ஏதும் சொல்லுவினமோ?" என்று அன்ரியைக் கேட்டார்.

"என்னக்கா நீங்கள்! எப்பிடியும் அவங்கள் வெட்டித்தானே தின்னப் போறாங்கள். ஒண்டும் யோசியாதேங்கோ," என்றார் அன்ரி. கேக்கைத் தமது காரிலேயே ஏற்றிச் சென்றும் கொடுத்தார்.

ஷோவின் கடைசி நாள் குடும்பமாகப் போனோம். மரம் வெட்டும் போட்டி, மாட்டு ஊர்வலம், பஞ்சு மிட்டாய் எதுவும் அம்மாவின் கண்ணில் படவில்லை. கேக் மண்டபம் எங்கே என்று கேட்டுக் கேட்டு நடந்தார். அங்கே கண்ணாடி அலுமாரிக்கு முன்னால் தொழிற்சாலைப் பெண்கள் கூடி நின்றார்கள். அம்மாவின் கேக்கில் ஓர் அட்டை செருகியிருந்தது: முழுமையான கேக் அல்ல, போட்டியில் சேர்க்கப்படவில்லை. பக்கத்தில் அதே நிறம், அதே முந்திரிப்பருப்பு அலங்காரத்துடன், நடுவர் ருசி பார்க்க வெட்டிய ஒரு கீற்றைத் தவிர முழுதாக இன்னொரு ரவைக் கேக். அதில் முதற் பரிசின் நீல ரிபனும் அன்ரியின் பெயரும். தாமும் போட்டியிடுவதாக அவர் எங்களிடம் மூச்சுக் காட்டவில்லை.

பட்டுச் சேலையில் வந்த அன்ரி, "பாவம், அவவுக்கு இந்த நாட்டு ஒழுங்கு தெரியாது," என்று அந்தப் பெண்களிடம் ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். அவர்களும் சிரித்தார்கள். அப்போது மண்டபப் பொறுப்பாளரான வெள்ளைக்காரப் பெண்மணி வந்து அன்ரியின் கையைக் குலுக்கினார். "நல்ல வேளை, இந்த முறை வெட்டாமல் கொண்டு வந்தீர்கள். போன வருடம் கடவுளுக்கு ஒரு துண்டு எடுத்துவிட்டேன் என்று இதே இடத்தில் நின்று அழுதீர்களே!" என்றார்.

அம்மாவுக்கு அந்த ஆங்கிலம் பிடிபடவில்லை. "அவ என்ன சொன்னவ?" என்று என்னைக் கேட்டார். நான் சொன்னேன். "திருப்பிச் சொல்லு," என்றார். திருப்பிச் சொன்னேன்.

அம்மா மாலையில் பொருட்களைத் திருப்பிக் கொடுக்கும் வரை காத்திருந்து, தமது கேக்கை வாங்கினார். மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்துப் புல்வெளியில் அதை வெட்டித் தொழிற்சாலைப் பெண்களுக்குக் கொடுத்தார். மூக்கைப் பொத்தியவர்களே இன்னொரு துண்டு கேட்டு வாங்கினார்கள். அன்ரியும் கை நீட்டினார். அம்மா தகரப் பெட்டியை மூடினார்.

"உமக்கு ரிபன் இருக்குதானே. அதைச் சாப்பிடும்," என்றார்.

அடுத்த வருடம் அம்மா இரண்டு கேக் சுட்டார். சின்னது பிள்ளையாருக்கு, பெரியது ஷோவுக்கு. அன்ரிக்குக் காட்டாத ஒரு பக்குவம் அவரிடம் மிச்சம் இருந்தது. நீல ரிபன் எங்களுக்கு வந்தது. ரிபன் இல்லாமல் நின்ற அன்ரியின் கேக்கை அம்மா நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் நின்றேன். எனக்கு அப்படி இனித்த நாள் வேறில்லை. "இனியாவது மன்னிச்சு விடுமன்," என்று அப்பா ஒருமுறை சொன்னார். அன்று அவருக்கும் கேக் கிடைக்கவில்லை. அதன்பின் எத்தனையோ பிறந்தநாள், கல்யாணம். அம்மாவின் கேக் போகாத தமிழ் வீடு எங்கள் பகுதியில் ஒன்றே ஒன்றுதான்.

இறுதிக் காலத்தில் அம்மா எங்கள் ஹோம்புஷ் வீட்டில் படுக்கையில் இருந்தபோது அன்ரி பார்க்க வந்தார். அம்மாவின் கையைப் பிடித்து, "அக்கா, உங்கடை கேக்கின்ரை ருசி இன்னும் நாக்கிலை நிக்குது," என்று அழுதார். அம்மா கண் திறந்து என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, அவவுக்குத் தேத்தண்ணி குடு. கேக் குடாதை."

அதற்குப் பிறகு அம்மா அதிகம் பேசவில்லை. சில நாட்களில் இறையடி சேர்ந்தார்.

அம்மாவைத் தூக்கிக் கிடத்திப் பராமரித்த தாதியருக்கும், கிரியைகளை நடத்தித் தந்த குருக்களுக்கும், அடுப்பு மூட்டாத நாட்களில் எங்களுக்குச் சோறு கொண்டுவந்த உறவுகளுக்கும், பொல்லூன்றி வந்து மலர் வைத்த பழைய தொழிற்சாலைத் தோழியருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டுள்ளது. இன்று நினைவு நிகழ்வின் மதிய போசனத்தின் பின் அம்மாவின் ரவைக் கேக் பரிமாறப்படும். நானே சுட்டது. பிள்ளையாருக்கு ஒரு துண்டும் அம்மாவின் படத்துக்கு ஒரு துண்டும் வைத்தாகிவிட்டது. மிச்சம் உங்கள் எல்லோருக்கும். அன்ரியும் வந்திருப்பார். அவருக்குத் தேத்தண்ணி கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.