பதினேழாம் நம்பர் பேட்ஜ்

அந்த விதியை எழுதியவள் நான்தான். கடலூரில் மீன் விற்கும் பெண்களுக்கான எங்கள் சங்கத்தில் அப்போது நான் செயலாளர். பித்தளை பேட்ஜ் சங்கத்தின் சொத்து. விற்கக் கூடாது, உறுப்பினர் இறந்தால் திருப்பித் தர வேண்டும். அதைக் குத்தியிருந்தால்தான் மார்க்கெட்டில் உட்கார இடம். கண்டவள் கைக்குப் போனால் எங்கள் பிழைப்பில் மண் விழும்.

பதினேழாம் நம்பர் என் கூட்டாளி. இருபது வருஷம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து விற்றோம். வெள்ளிக்கிழமை தவறாமல் பேட்ஜைப் புளி போட்டுத் தேய்த்து, ஏழில் பாதியை அழித்தே விட்டிருந்தாள். அவளுடைய கருமாதியன்று, பரங்கிப்பேட்டையில் வாழ்க்கைப்பட்ட அவள் மகள் கெஞ்சினாள். "அத்த, அம்மா ஞாபகமா அத மட்டும் வச்சிக்கிறேனே." நான் விதியைச் சொல்லி, வாங்கி வந்து சங்கத்து பீரோவில் வைத்தேன். கல்நெஞ்சக்காரி.

போன மாசம் சிதம்பரத்தில் ஒரு பழைய பாத்திரக் கடைக்குக் குத்துவிளக்கு பார்க்கப் போனேன். ஒரு தட்டில் எங்கள் பேட்ஜுகள் குவிந்து கிடந்தன.

"இது எப்பிடிங்க இங்க வந்துச்சு?"

"கடலூர்ல ஏதோ சங்கத்து ஆபீஸ்ல பீரோவ ஒழிச்சாங்களாம்க்கா. எடைக்குப் போட்டுட்டாங்க. பழைய சாமான் சேக்கறவங்க ஜாஸ்தி வெல குடுத்து எடுத்துக்கறாங்க."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பெற்ற மகளுக்குக் கிடையாது என்று நான் பிடுங்கியதை எடைக்குப் போட்டிருக்கிறார்கள். தட்டைக் கிளறினேன். பாதி ஏழு அகப்பட்டது. விளக்கை மறந்துவிட்டு, அதை வாங்கிக்கொண்டு பரங்கிப்பேட்டை பஸ் ஏறினேன்.

மகள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அன்னிக்கே குடுத்திருக்கலாம் அத்த" என்றாள். வெட்கமாக இருந்தது.

விஷயம் இப்போதைய தலைவியின் காதுக்குப் போய்விட்டது. கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கேட்டாள். "அந்த பேட்ஜ ஒப்படைச்சிடுங்கக்கா. விதி நீங்க எழுதுனதுதான?"

"ஆமா, நான்தான் எழுதுனேன். தப்பா எழுதிட்டேன். நீ எடைக்குப் போட்டியே, அதயெல்லாம் மொதல்ல கொண்டாந்து அவுங்கவுங்க வீட்டுல குடு. அப்புறம் எங்கிட்ட விதி பேசு."

"சங்கத்துலேருந்து நீக்க வேண்டி வரும்க்கா."

"நீக்கிக்க. என் பேட்ஜும் ஒனக்குக் கெடையாது. நான் செத்தா அது எம்பொண்ணுக்கு."

நீக்கிவிட்டார்கள். இன்று காலையும் என் பேட்ஜைக் குத்திக்கொண்டுதான் என் இடத்தில் போய் உட்கார்ந்தேன். எழுந்திரு என்று ஒருத்திகூடச் சொல்லவில்லை.