செம்புக் கம்பியில் அம்மாவின் கைகள்

சூடான துணி வாசனை... துபாய் சத்வாவில் எங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் முதலில் அதுதான் உள்ளே வரும். கீழே வரிசையாகத் தையல் கடைகள், எந்நேரமும் இஸ்திரிப் பெட்டி. அதே ஜன்னல் ஓரமாகத்தான் டெலிபோன் வயரும் வந்தது. வெயிலில் காய்ந்து நிறம் போன பழைய செம்புக் கம்பி.

வெள்ளிக்கிழமை மதியம் அதன் வழியாக என் அம்மா வருவாள், கோவில்பட்டியிலிருந்து.

அம்மாவுக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. எழுதப் படிக்க யாரும் சொல்லித் தரவில்லை. எங்கள் வீட்டில் நாங்களாகவே உண்டாக்கிக்கொண்ட கைப்பேச்சுதான். மூக்கோரம் விரல் வைத்தால் அது நான், மூக்குத்திக்காக. மீசையை முறுக்கினால் என் கணவர் முரளி. அவர் துபாய் வந்ததும் மீசையை எடுத்துவிட்டார், அம்மா அதைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை.

அப்போது துபாயில் நெட் வழியாக வாய்ஸ் கால் பேசத் தடை. பில்டிங் முழுக்க அதே புலம்பல். எங்களுக்கு மட்டும் அந்தக் கவலை இல்லை... மெசஞ்சரில் வெப்கேம் படம் ஓடினால் போதும்.

அந்தப் படம்தான் ஓடவில்லை.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பிரவுசிங் சென்டருக்குத் தம்பி சரவணன் அம்மாவைக் கூட்டிப் போவான். என் கை அசைந்தால் அங்கே கரைத்த மாவு மாதிரி தெரியுமாம். அதனால் நானும் அம்மாவும் ஒரு வழி கண்டுபிடித்தோம். ஒரு சைகை காட்டிவிட்டு, கையை அப்படியே நிறுத்தி வைக்க வேண்டும். படம் போய்ச் சேர்ந்து, எதிர்ப்பக்கம் தலையாட்டிய பிறகுதான் அடுத்தது. "சாப்பிட்டியா, என்ன குழம்பு" என்று கேட்டு முடிப்பதற்குள் என் டீ ஆறிப்போகும்.

அப்படி இருக்கும்போதுதான், கல்யாணமாகி வெகுநாள் கழித்து, நான் உண்டானேன்.

மூன்று மாதம் முடியும்வரை வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். முடிந்ததும் அம்மாவுக்கு நானேதான் சொல்ல வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். "தம்பிகிட்ட சொன்னா அவன் சொல்லிடப் போறான்" என்றார் முரளி. முறைத்தேன். பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை.

சிக்கல் என்னவென்றால், எங்கள் பாஷையில் குழந்தை என்றால் இரண்டு கையையும் தொட்டிலாக்கி ஆட்ட வேண்டும். ஆட்டுவதை எப்படி நிறுத்திக் காட்டுவது? நிறுத்தினால் சும்மா கைகட்டி நிற்கிற மாதிரி இருக்கும்.

அந்த நேரம் பார்த்து, கதவிடுக்கில் ஒரு நோட்டீஸ். அதே லைனில் டபுள் ஸ்பீட். உடனே மாற்றினோம். பாட்டெல்லாம் சட்டென்று இறங்கியது. ஆனால் அம்மாவுக்கு அதே மாவுதான்.

"அது நமக்கு வர்ற ஸ்பீடு. நம்மகிட்டேருந்து போற ஸ்பீடு அப்படியேதான் இருக்கு. அதை விளம்பரத்துல எங்க போடறாங்க?" என்றார் முரளி. நோட்டீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், உண்மைதான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

அடுத்த வாரம் சூப்பர்மார்க்கெட் வாசலில் ஒரு மேஜை, டை கட்டிய நாகர்கோவில் பையன். கையில் துண்டாக வெட்டிய இரண்டு கேபிள்.

"அக்கா, இது காப்பர், பழைய காலம். இது ஃபைபர், கண்ணாடி. உள்ளே வெளிச்சம்தான் ஓடும். உங்க பில்டிங்குக்கும் வந்தாச்சு. சினிமாப் படமே நிமிஷத்துல இறங்கிரும்."

அவன் நீட்டிய காகிதத்தில் அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள், எல்லோருக்கும் பளபளவென்று பல்.

"இறங்கறது இருக்கட்டும் தம்பி. போறது எவ்வளவு?"

"போறதா... அதை யாரும் கேட்டதில்லையேக்கா."

"எங்க அம்மாவுக்குக் காது கேக்காது. நான் இப்படிக் காட்டினா அவளுக்குத் தெரியணும்." கடை வாசலில் நின்று தொட்டிலை ஆட்டிக் காட்டினேன்.

அவன் என் கையைப் பார்த்தான், பிறகு முகத்தைப் பார்த்தான். காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு யாருக்கோ போன் போட்டுப் பேசினான்.

"போறதும் இப்ப உள்ளதவிட நல்லா கூடுதலாம்க்கா. ஆனா அம்மா பக்கம் காப்பர்னா, அவங்க படம் உங்களுக்கு வர்றது பழைய மாதிரிதான்."

"பரவால்ல. அவ பாத்தா போதும்."

ஃபைபர் வந்த பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை, கேமரா முன்னால் உட்கார்ந்தேன். மூக்கோரம் விரல். வயிற்றில் கை. பிறகு தொட்டில்... எங்கேயும் நிறுத்தாமல் ஆட்டினேன்.

திரையில் அம்மாவின் இரண்டு கையும் கன்னத்துக்குப் போனது. அப்படியே நின்றது.

நானும் காத்திருந்தேன். அசையவே இல்லை. அவள் பக்கத்துச் செம்பு காலை வாரிவிட்டது, அவள் முகம் மாறுவதைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை என்று எனக்கு அழுகையாக வந்தது. அப்போது படத்துக்குக் கீழே சரவணன் டைப் செய்தான், இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்.

"அக்கா, படம் நிக்கல. அம்மாதான் அசையாம இருக்கா."

அன்று தொட்டிலில் இருந்தவள் இப்போது பத்தாவது படிக்கிறாள். கோவில்பட்டி வீட்டிலும் ஃபைபர் வந்துவிட்டது. போனில் அம்மாவின் புறங்கை நரம்புகூடத் தெளிவாகத் தெரிகிறது. போன வாரம் மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "மம்மி, நெட் ஸ்லோவா? அம்மாச்சி ஸ்டக் ஆகி நிக்கறாங்க" என்றாள்.

நெட் நன்றாகத்தான் இருக்கிறது. அம்மாவுக்குத்தான் இன்னும் செம்புக் காலத்துப் பழக்கம் போகவில்லை. இனிமேல் நிறுத்த வேண்டாம் என்று எத்தனையோ முறை காட்டிவிட்டேன். சரி என்று தலையாட்டுவாள். அடுத்த நிமிடமே விரல்களை உதட்டருகே குவித்து, சாப்பிட்டியா என்று கேட்டு, அப்படியே நிறுத்தி வைத்துக்கொண்டு என்னையே பார்ப்பாள். நான் தலையாட்டும்வரை அந்தக் கை இறங்காது.

இப்போதெல்லாம் நான் உடனே தலையாட்டுவதில்லை.